சென்னை மாநிலத்தில் பி.சி.ஜி. தடுப்பூசி: 1955ஆம் ஆண்டு எதிர்ப்பு எழுப்பிய மூன்று வினாக்கள்

ஆய்வுச் சுருக்கம்

காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி 1948இல் இந்தியாவில் அறிமுகமாயிற்று. அதன் தொடக்ககால வரலாறு அன்றைய சென்னை மாகாணத்தோடு நெருங்கிய தொடர்புடையது. பள்ளிச் சிறார்களை முதன்மை இலக்காகக் கொண்ட இத்திட்டத்தை 1955இல் சி. இராசகோபாலாச்சாரி (இராஜாஜி) வெளிப்படையாக எதிர்த்தார். அவ்வெதிர்ப்பு அறிவியலுக்கும் பழமைக்கும் இடையே நிகழ்ந்த மோதலாகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. அதனுள் அடங்கியிருந்த மூன்று வினாக்களை, அதாவது ஊசியின் பயன், உணவு உறைவிடம் ஆகியவற்றின் முன்னுரிமை, பிள்ளையின் உடல்மீதான இசைவு ஆகியவற்றை, இக்கட்டுரை தனித்தனியே பிரித்து ஆராய்கிறது. அவை பிற்காலத்தில் எவ்வாறு மீண்டும் எழுந்தன என்பதையும் செங்கல்பட்டுக் களஆய்வு முதலிய சான்றுகளைக் கொண்டு விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: பி.சி.ஜி., காசநோய், சென்னை மாநிலம், இராஜாஜி, பள்ளிச் சிறார் நலம், செங்கல்பட்டுக் களஆய்வு, இசைவு

முன்னுரை

தமிழகத்தில் பிறக்கும் குழந்தைக்கு மருத்துவமனையிலேயே போடப்படும் முதல் ஊசிகளுள் ஒன்று பி.சி.ஜி. இடது மேற்கையில் சிறு தழும்பை விட்டுச்செல்லும் இவ்வூசியை இன்று எவரும் விவாதப் பொருளாகக் கருதுவதில்லை. ஆயினும் அறுபத்தைந்து, எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் இதே ஊசி சென்னை மாநிலத்தின் பொதுவாழ்வில் கடும் சொற்போரை எழுப்பியது. நாட்டின் தலைமை ஆளுநராகவும் மாநிலத்தின் முதலமைச்சராகவும் இருந்த ஒருவரே அதன் எதிர்ப்பாளராக முன்னின்றார்.

இவ்விவாதத்தைக் குறித்து நீல்ஸ் பிரிம்னெஸ், கிறிஸ்டியன் மெக்மில்லன் ஆகிய வரலாற்றாசிரியர்கள் 2010இல் விரிவாக எழுதியுள்ளனர். விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் மருத்துவ நவீனமயமாக்கமும் தேசிய உணர்வும் எதிர்கொண்ட களமாக அவர்கள் அதனைக் காண்கின்றனர். தமிழில் இப்பொருள் போதிய அளவு பேசப்படவில்லை. பேசப்படும் இடங்களிலும் இராஜாஜியின் ஆளுமை பற்றிய குறிப்பாகவே அது சுருங்கிவிடுகிறது. எதிர்ப்பாளரின் ஆளுமையிலிருந்து அவர் எழுப்பிய வினாக்களைப் பிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அம்மை குத்துதல் என்னும் முன்மரபு

1802இல் பசு அம்மைப்பால் கொண்டு குத்தும் முறை இந்தியாவிற்கு வந்தது முதல், தடுப்பூசி என்பது குழந்தைகளின் உடலோடு பிணைந்ததாகவே இருந்துவந்தது. தொடக்கத்தில் ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்தினர். ஆகவே குழந்தையே பாதுகாப்புப் பெறுபவராகவும் மருந்தைச் சுமந்து செல்பவராகவும் இருக்க நேர்ந்தது. சென்னைக் கிண்டியில் 1899இல் நிறுவப்பட்ட கிங் நிறுவனம் அம்மைப்பால் தயாரிப்புக்கெனவே தொடங்கப்பட்டது. கன்றுகளிடமிருந்து பெறப்பட்ட அம்மைப்பால் அங்கிருந்து மாகாணமெங்கும் சென்றது.

அம்மை குத்துதலில் சட்டத்தின் கட்டாயமும் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் பல பகுதிகளுக்காக இயற்றப்பட்ட 1880ஆம் ஆண்டுத் தடுப்பூசிச் சட்டம் ஆறு மாதம் நிரம்பிய குழந்தையை அம்மை குத்துபவரிடம் கொண்டுசெல்லும் கடமையைப் பெற்றோர் மீது சுமத்தியது. ‘குழந்தை’ என்ற சொல்லுக்கு அச்சட்டம் தந்த வரையறை கவனிக்கத்தக்கது. ஆண்களில் 14 வயது நிரம்பாதோரும் பெண்களில் 8 வயது நிரம்பாதோரும் குழந்தைகள் எனப்பட்டனர். எட்டு வயதுக்கு மேற்பட்ட சிறுமியின் உடலை அரசு அலுவலர் தீண்டுவதைக் குடும்பங்கள் ஏற்கமாட்டா என்ற கணிப்பை இவ்வேறுபாட்டில் உய்த்துணரலாம். கட்டாயத்தை நாடிய சட்டமே இசைவின் எல்லைகளையும் கணக்கில் கொண்டிருந்தது. சென்னை மாகாணம் தன் உள்ளாட்சிச் சட்டங்களின் வழியாகக் கட்டாய அம்மை குத்துதலை நடைமுறைப்படுத்தியது.

பள்ளியை உடல்நலச் சோதனைக்குரிய இடமாகக் காணும் எண்ணமும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேர்கொண்டது. 1909இல் பரோடா நகரில் பள்ளிச் சிறார்கள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டதே இந்தியாவில் இதன் தொடக்கம் எனப்படுகிறது. சென்னைச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராக இருந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, நகராட்சிகளும் பிற உள்ளாட்சி அமைப்புகளும் நடத்தும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு முறையான மருத்துவச் சோதனை வேண்டுமெனப் பரிந்துரைத்தார். கட்டாய அம்மை குத்துதல், பள்ளி மருத்துவச் சோதனை ஆகிய இவ்விரு மரபுகளும் கலந்த இடத்தில்தான் பி.சி.ஜி. வந்து சேர்ந்தது.

மதனப்பள்ளியும் கிண்டியும்

பிரெஞ்சு ஆய்வாளர்களான கால்மெத், கெரான் ஆகிய இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பதின்மூன்று ஆண்டுகள் மீண்டும் மீண்டும் வளர்த்து வலுவிழக்கச் செய்து இத்தடுப்பு மருந்தை உருவாக்கினர். 1921இல் பாரிசில் அது முதன்முதலாகக் குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. 1930இல் செருமனியின் லூபெக் நகரில் ஆய்வகத் தவற்றால் வீரியமுள்ள காசநோய்க் கிருமி இம்மருந்தில் கலந்துவிட, எழுபதுக்கும் மேற்பட்ட கைக்குழந்தைகள் இறந்தனர். பிழை மருந்தினுடையதன்று, தயாரிப்பினுடையது என்பது நிறுவப்பட்ட பின்னரும் அச்சம் நெடுங்காலம் நீடித்தது. ஸ்காண்டிநேவிய நாடுகள் இம்மருந்தைத் தொடர்ந்து பயன்படுத்தி வந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அந்நாடுகளின் செஞ்சிலுவை அமைப்புகளும் யுனிசெஃப் நிறுவனமும் இணைந்து நடத்திய பன்னாட்டுக் காசநோய் இயக்கத்தின் வழியாக அது ஐரோப்பாவிற்கும் ஆசியாவிற்கும் பரவியது.

அன்றைய இந்தியாவில் ஆண்டுக்கு 5 லட்சம் பேர் காசநோயால் இறப்பதாகவும் 25 லட்சம் பேர் நோயுற்றிருப்பதாகவும் அரசு மதிப்பிட்டது. நோயாளர் அனைவருக்கும் மருத்துவமனைப் படுக்கை அளிப்பது எண்ணிப்பார்க்கவும் இயலாதது. இந்நிலையில் மலிவானதும் விரைவாகப் பரப்பத்தக்கதுமான ஓர் ஊசி ஆட்சியாளரைக் கவர்ந்ததில் வியப்பில்லை. சோதனை முயற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களுள் மதனப்பள்ளி முதன்மையானது. இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ள அவ்வூர் அப்போது சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அதனருகே ஆரோக்கியவரத்தில் இயங்கிய காசநோய் மருத்துவமனையில் மருத்துவர் பி.வி. பெஞ்சமின், டேனிய மருத்துவர் ஃபிரிமொட்-மொல்லர் ஆகியோர் பணியாற்றினர். பெஞ்சமின் பின்னர் இந்திய அரசின் காசநோய் ஆலோசகரானார். மருந்து தயாரிப்பதற்கான ஆய்வகம் கிண்டியில் 1948இல் அமைக்கப்பட்டது. அம்மைப்பால் அனுப்பிய ஊரிலிருந்தே பி.சி.ஜி.யும் நாடெங்கும் செல்லலாயிற்று.

1949இல் திட்டம் பல மாநிலங்களின் பள்ளிகளுக்கு விரிந்தது. 1951இல் மக்கள்திரள் இயக்கமாக வளர்ந்தது. அம்மை குத்துதலைப் போலன்றிப் பி.சி.ஜி.க்குச் சட்டக் கட்டாயம் ஏதும் இல்லை. விரும்பியோர் போட்டுக்கொள்ளலாம் என்பதே அரசின் நிலைப்பாடு.

பள்ளியில் நிகழ்ந்த சோதனை

இயக்கத்தின் நடைமுறையை அறிந்தாலன்றி எதிர்ப்பின் பொருள் விளங்காது. அக்காலத்தில் பி.சி.ஜி. போடுவதற்கு முன் ‘டியூபர்குலின்’ சோதனை செய்யப்பட்டது. முன்கைத் தோலில் சிறிதளவு மருந்தைச் செலுத்தி, மூன்று நாள் கழித்து அவ்விடத்தில் தடிப்பு எழுந்துள்ளதா என அளந்து பார்ப்பர். தடிப்பு எழுந்தால் அப்பிள்ளையின் உடலில் காசநோய்க் கிருமி முன்னரே புகுந்துள்ளது எனக்கொண்டு ஊசி தவிர்க்கப்படும். தடிப்பு இல்லாத பிள்ளைக்கே பி.சி.ஜி. போடப்படும். சில வாரங்களில் அவ்விடம் புண்ணாகி ஆறித் தழும்பாகும்.

இம்முறைக்கு ஒரே குழுவை இரு முறை ஓரிடத்தில் திரட்ட வேண்டியிருந்தது. ஊரில் அது கடினம், பள்ளியில் எளிது. பெயர்ப்பட்டியல் ஆசிரியரிடம் இருந்தது. முதல்நாள் வந்த பிள்ளை நான்காம் நாளும் வருவான். தடுப்பூசிக் குழுவினருக்குப் பள்ளி இவ்வாறு மிக வாய்ப்பான களமாயிற்று. ஆனால் பிள்ளை பள்ளியில் இருக்கும் வேளையில் பெற்றோர் அங்கு இருப்பதில்லை. தலைமையாசிரியரின் சொல்லை மீறும் வழக்கம் பிள்ளைகளிடமும் இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தாத ஊசி, வகுப்பறையின் ஒழுங்கினால் ஏறத்தாழக் கட்டாயமானதாகத் தோற்றம் கொண்டது இவ்வாறே. மேலும் தடிப்பு எழுந்த பிள்ளைக்கு அச்சோதனை நோய்ச்சான்று அன்று எனினும், காசநோய் என்றாலே திருமணமும் உறவும் தடைப்படும் எனக் கருதிய சமூகத்தில் அவ்வேறுபாட்டை விளக்குவது எளிதன்று.

1955: எதிர்ப்பின் உள்ளடக்கம்

பி.சி.ஜி.க்கு எதிரான குரல் சென்னையில் 1955க்கு முன்னரே எழுந்திருந்தது. ஏ.வி. இராமன் என்பார் தாம் நடத்திய மக்கள் நலம் குறித்த ஆங்கில இதழின் வழியாக 1940களின் இறுதியிலேயே இதனைக் கடுமையாக எதிர்த்தார். 1955இல் இராஜாஜி களமிறங்கியதும் விவாதம் நாடு தழுவியதாயிற்று. தம் எதிர்ப்பிற்கான காரணங்களைத் தொகுத்து அவ்வாண்டே ஆங்கிலத்தில் ஒரு சிறுநூலையும் அவர் வெளியிட்டார். நடுவண் அரசின் நலவாழ்வு அமைச்சர் இராஜகுமாரி அம்ரித் கௌர் திட்டத்தை உறுதியாகத் தாங்கிப் பேசினார்.

அரசியல் பின்னணியை இங்கு மறுப்பதற்கில்லை. தொடக்கக் கல்வியில் தாம் கொண்டுவந்த மாற்றத் திட்டம் ‘குலக்கல்வி’ எனக் கண்டிக்கப்பட்ட நிலையில் 1954இல் இராஜாஜி முதலமைச்சர் பதவியிலிருந்து விலகியிருந்தார். காமராசர் ஆட்சிக்கு வந்து ஓராண்டு கடந்திருந்தது. பி.சி.ஜி. இந்தியாவில் தொடங்கிய 1948இல் தலைமை ஆளுநராகவும், இயக்கம் விரிவடைந்த 1952–54இல் மாநில முதலமைச்சராகவும் அவரே இருந்தார் என்பதும் நினைவிற்குரியது. எனவே அன்று எழாத எதிர்ப்பு ஏன் பின்னர் எழுந்தது என்ற ஐயம் நியாயமானதே. எனினும் ஒரு வினாவை எழுப்பியவரின் நோக்கத்தைக் கொண்டு மட்டும் அவ்வினாவின் தகுதியை அளந்துவிட இயலாது.

எதிர்ப்பாளர் வாதங்களை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, பயன் பற்றியது. உயிருள்ள கிருமியைக் கோடிக்கணக்கான நலமுள்ள உடல்களில் செலுத்துவதற்குமுன் அதன் பலன் ஐயமற நிறுவப்பட வேண்டும். மேலைநாட்டு வல்லுநரிடையே ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்கா இதனை மக்கள்திரளுக்கு மேற்கொள்ளவில்லை என்பன அவ்வாதத்தின் கூறுகள். இரண்டாவது, முன்னுரிமை பற்றியது. காசநோய் வறுமையின் நோய். உணவும் காற்றோட்டமான வீடும் தராமல் ஊசியைத் தருவது கடமையைத் தட்டிக்கழிப்பது என்பது அது. மூன்றாவது, இசைவு பற்றியது. பெற்றோரின் தெளிந்த ஒப்புதலின்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊசி போடலாமா என்பதே அவ்வினா.

இவற்றோடு தடுப்பூசி முறையையே ஏற்காத பழைய மனப்பான்மையும் கலந்திருந்தது. இயற்கை மருத்துவ ஈடுபாடு கொண்டோரும், அம்மை குத்துதலை எதிர்த்த மரபினரும் இவ்வணியில் இருந்தனர். அக்கலப்பே மூன்று வினாக்களையும் ஒருசேரப் புறந்தள்ளுவதற்கு அரசுத் தரப்பிற்கு வாய்ப்பளித்தது. விளைவாக இயக்கம் நிற்கவில்லை. வினாக்களும் விடை பெறவில்லை.

பயன்: செங்கல்பட்டு அளித்த விடை

1955இல் அறிவியல் உலகம் உண்மையிலேயே பிளவுபட்டிருந்தது. அடுத்த ஆண்டு பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கழகம், பள்ளிப் படிப்பை முடிக்கும் 14, 15 வயது வளரிளம் பருவத்தினர் ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்டோரிடம் நடத்திய களஆய்வின் முதல் அறிக்கையை வெளியிட்டது. அதன்படி பி.சி.ஜி. ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்பு அளித்தது. ஆனால் அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா பகுதிகளில் நடந்த ஆய்வு மிகக் குறைந்த பாதுகாப்பையே காட்டியது. மதனப்பள்ளி வட்டாரத்தில் ஃபிரிமொட்-மொல்லர் நடத்திய ஆய்வில் ஓரளவு பலன் தெரிந்தது. ஓரிடத்து முடிவை மற்றோர் இடத்திற்குப் பொருத்த இயலாது என்பது இவற்றால் தெளிவாயிற்று.

இச்சிக்கலைத் தீர்க்கும் நோக்குடன் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக நலவாழ்வு நிறுவனம் ஆகியவற்றின் முயற்சியால் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், சென்னைக்கு மேற்கே திருவள்ளூர் வட்டாரத்தில், 1968இல் ஒரு பெருங்களஆய்வு தொடங்கியது. 209 சிற்றூர்களும் ஒரு நகரும் அதில் அடங்கின. ஒரு மாதக் குழந்தை முதல் முதியோர் வரை சுமார் 2,80,000 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களுள் ஒரு பகுதியினருக்கு மருந்தற்ற வெற்று ஊசியும், ஏனையோருக்குப் பாரிசு அல்லது கோபன்ஹேகன் வகை பி.சி.ஜி. இரு வேறு அளவுகளிலும் குலுக்கல் முறைப்படி அளிக்கப்பட்டன. யாருக்கு எது என்பதை ஊசி போட்டவரும் அறியார்.

ஏழரை ஆண்டுத் தொடர்கண்காணிப்பின் முடிவு 1979இல் வெளியாயிற்று. நுரையீரல் காசநோய்க்கு எதிராகப் பி.சி.ஜி. பாதுகாப்பு எதனையும் அளிக்கவில்லை என்பதே அது. பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பின் அறிக்கை 1999இல் வந்தபோதும் பெரியவர்களைப் பொறுத்தவரை முடிவு மாறவில்லை. சிறார்களிடம் மட்டும் குறைந்த அளவு பாதுகாப்புத் தென்பட்டது. சூழலில் இயற்கையாக உள்ள காசநோய் இனக் கிருமிகளோடு இவ்வட்டார மக்கள் முன்னரே தொடர்பு கொண்டிருந்தமை ஊசியின் விளைவை மறைத்திருக்கலாம் என்பது இதற்குக் கூறப்பட்ட விளக்கங்களுள் முதன்மையானது.

இம்முடிவு இராஜாஜியின் வெற்றி எனக் கொள்ளத்தக்கதன்று. ஊசி தீங்கானது என்ற அச்சத்தை ஆய்வு மெய்ப்பிக்கவில்லை. கைக்குழந்தைகளைத் தாக்கும் மூளையுறைக் காசநோய், உடலெங்கும் பரவும் காசநோய் ஆகியவற்றை அளப்பதற்காக அது வடிவமைக்கப்படவுமில்லை. அவ்வகைக் கடும் நோய்களிலிருந்து பி.சி.ஜி. குழந்தைகளை நன்கு காக்கிறது என்பதைப் பிற ஆய்வுகள் காட்டின. 1980இல் கூடிய வல்லுநர் குழு இதனை முன்னிட்டே குழந்தைகளுக்கான ஊசியைத் தொடரலாம் எனப் பரிந்துரைத்தது. 1978இல் தொடங்கிய விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டத்திலும், 1985இல் அதனைத் தொடர்ந்த அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்திலும் பி.சி.ஜி. கைக்குழந்தைக்குரியதாக இடம்பெற்றது. 1950களில் பள்ளி வரிசையில் நின்ற சிறுவன் இலக்கிலிருந்து விலக, பிறந்த குழந்தை அவ்விடத்தைப் பெற்றது. ஊசி அதுவே, அதற்கு அளிக்கப்பட்ட காரணம் வேறு. பலனை முதலில் நிறுவுக என்ற கோரிக்கைக்கு அறிவியல் அடிப்படை இருந்தது என்பதை மட்டும் செங்கல்பட்டு உறுதிப்படுத்தியது.

முன்னுரிமை: உணவா, மருந்தா?

இரண்டாம் வினாவிற்கு முதல் விடை சென்னையிலேயே கிடைத்தது. சேத்துப்பட்டில் 1956இல் அமைக்கப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு மையம், ஏழை நோயாளர் 193 பேரைக் கொண்டு ஓர் ஒப்பாய்வு நடத்தியது. ஒரு பிரிவினர் மருத்துவமனையில் நல்லுணவும் ஓய்வும் பெற்றனர். மற்றொரு பிரிவினர் நெரிசலான தம் வீடுகளில் இருந்தவாறே மருந்து உட்கொண்டனர். இருவகையினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர் என 1959இல் வெளியான முடிவு தெரிவித்தது. உணவும் உறைவிடமும் இன்றிக் காசநோயை வெல்ல முடியாது என்ற வாதம் இதனால் வலுவிழந்தது. உலகெங்கும் காசநோய் மருத்துவம் வீட்டை நோக்கித் திரும்பியதற்கும் இவ்வாய்வே பெருங்காரணம்.

எனினும் அவ்வாய்வு நோயைக் குணப்படுத்துவதைப் பற்றியது; நோய் வாராமல் தடுப்பதைப் பற்றியதன்று. தடுத்தலில் உணவின் பங்கு என்ன என்ற வினா நெடுங்காலம் ஆராயப்படாமலே கிடந்தது. சார்க்கண்டு மாநிலத்தில் காசநோயாளர் குடும்பங்களுக்குக் கூடுதல் உணவுப்பொருள் வழங்கி நடத்தப்பட்ட களஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. உணவு பெற்ற குடும்பத்தினரிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்தது. ஊசியும் உணவும் மாற்றுகள் அல்ல என்பதை இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்துப் படிப்போர் உணர்வர். ஒன்றுக்கு எதிராக மற்றொன்றை நிறுத்தியதே 1955இல் இரு தரப்பினரும் செய்த பிழை.

இசைவு: முடிவுறாத வினா

மூன்றாம் வினா களஆய்வால் தீரத்தக்கதன்று. பயன் நிறுவப்பட்ட ஊசிக்கும் அது பொருந்தும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் தொடங்கியபோது இது மீண்டும் வெளிப்பட்டது. ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையுள்ளோரே இலக்கு. பள்ளியே முதன்மைக் களம். கைப்பேசி வழியாகப் பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்கினர். இயக்கத்தின் காலத்தை நீட்டிக்க நேர்ந்தது. தட்டம்மைத் தடுப்பூசியின் பயனும் பாதுகாப்பும் நன்கு நிறுவப்பட்டவை. அவ்வகையில் 1955இன் பி.சி.ஜி.யோடு அது ஒப்பிடத்தக்கதன்று. ஆயினும் பிள்ளைக்குப் போடப்படுவது யாது, ஏன், மறுக்கலாமா என்பவற்றைப் பெற்றோர் முன்கூட்டி அறிந்திராத இடத்தில் வதந்தி நுழைந்தது என்பதில் இரு நிகழ்வுகளும் ஒத்துள்ளன. 2019 சனவரியில் தில்லி உயர்நீதிமன்றம் இதே தடுப்பூசி தொடர்பான வழக்கில், பள்ளி மாணவர்க்கு ஊசி போடுமுன் பெற்றோரின் ஒப்புதலைக் கோர வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

பெற்றோர் இசைவைக் கோருவது தடுப்பூசிக்குத் தடை எனக் கருதும் போக்கு நிருவாகத்தில் உண்டு. இசைவு வேண்டினால் பலர் மறுப்பர், மறுப்பின் விளைவைக் குழந்தையே சுமக்க நேரும் என்ற அவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தட்டம்மை போன்ற தொற்றில் ஒரு குடும்பத்தின் மறுப்பு அடுத்த வீட்டுக் குழந்தையையும் தாக்கும். ஆனால் 1955, 2017 ஆகிய இரு நிகழ்வுகளும் வேறொன்றையும் காட்டுகின்றன. முன்கூட்டிச் சொல்லாமல் பெற்ற விரைவு, ஐயம் எழுந்தபின் இழக்கும் காலத்தால் ஈடுகட்டப்படுகிறது.

முடிவுரை

சென்னை மாநிலத்தின் பி.சி.ஜி. விவாதத்தை அறிவியலுக்கும் பழமைக்கும் இடையிலான போராக மட்டும் படிப்பது அதன் உள்ளடக்கத்தைக் குறைத்துக் காண்பதாகும். எதிர்ப்பாளர் அணியில் பழமையும் இருந்தது. நியாயமான வினாக்களும் இருந்தன. ஆதரவாளர் தரப்பில் மக்கள் உயிர் காக்கும் உண்மையான அக்கறையும் இருந்தது. நிறுவப்படாததை நிறுவப்பட்டதாகப் பேசிய மிகையும் இருந்தது. பயன் பற்றிய வினாவிற்கு 24 ஆண்டுகள் கழித்துச் செங்கல்பட்டுச் சிற்றூர் மக்களின் பங்கேற்பால் விடை கிடைத்தது. தடுத்தலில் உணவின் பங்கு பற்றிய விடைக்கு 68 ஆண்டுகள் ஆயின. இசைவு பற்றிய வினா ஒவ்வொரு புதிய ஊசியோடும் பள்ளிக்குத் திரும்பி வருகிறது.

பள்ளிச் சிறார்க்கான மருத்துவச் சோதனைகளும் தடுப்பூசிகளும் விரிவடைந்து வரும் இக்காலத்தில் இவ்வரலாறு தமிழில் முழுமையாக எழுதப்பட வேண்டும். 1950களின் தமிழ் நாளிதழ்கள், கிண்டி ஆய்வகத்தின் ஆவணங்கள், அக்காலப் பள்ளிப் பதிவேடுகள், ஊசி போட்டுக்கொண்ட தலைமுறையினரின் வாய்மொழிச் சான்றுகள் ஆகியன அதற்குரிய மூலங்களாக அமையும். அவர்களுள் இளையோரே இன்று எழுபது வயதைக் கடந்துவிட்டமையால், வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டும் பணி முதலில் மேற்கொள்ளத்தக்கது.